விபத்தை ஆங்கிலத்தில் சொல்வதும் எழுதுவதும்

கேள்வி இது: "விக்கிரவாண்டி அருகே அப்பா ஓட்டிப்போன மொபெட்டை பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. காலில் எலும்பு முறிவு. நான் புனேயில் வேலை பார்க்கிறேன். இன்சூரன்ஸ், மருத்துவமனை, வக்கீல் என எல்லாரும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள், என்னையும் எழுதச் சொல்கிறார்கள். விபத்தைப் பற்றிப் பேச என்னென்ன ஆங்கிலச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்? 'மெட் வித் அன் ஆக்ஸிடென்ட்' என்று எழுதியதைப் பார்த்து இங்கே ஒரு நண்பர் சிரித்தார். அது தப்பா?"

அப்பா சீக்கிரம் எழுந்து நடக்கட்டும். மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குக் கட்டுகளைப் படித்துக் குறிப்பெடுப்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் அகராதிபோல் அடுக்காமல், எந்தச் சொல் எந்தக் காகிதத்தில் வருகிறது, எது பின்னால் தலைவலியாகிறது என்ற கணக்கில் சொல்கிறேன்.

நண்பர் சிரித்த விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 'மெட் வித் அன் ஆக்ஸிடென்ட்' தப்பில்லை. இந்திய ஆங்கிலத்தில் தினமும் புழங்கும் தொடர் அது. நம் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் நாளிதழ்களிலும் தாராளமாக இருக்கிறது. லண்டனிலோ நியூயார்க்கிலோ உள்ளவர் 'ஹேட் அன் ஆக்ஸிடென்ட்' அல்லது 'வாஸ் இன் அன் ஆக்ஸிடென்ட்' என்பார், அவ்வளவுதான். 'டிட் அன் ஆக்ஸிடென்ட்' என்று எழுதினால்தான் சிரிக்கலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் அந்தத் தொடரோடு நின்றுவிடாதீர்கள். 'மை ஃபாதர் மெட் வித் அன் ஆக்ஸிடென்ட்' என்பதில் கார் எங்கே? பின்னாலிருந்து இடித்தது எங்கே? அப்பா தானாகச் சறுக்கி விழுந்திருந்தாலும் இதே வாக்கியம்தான் வரும். விபத்து ஆங்கிலத்தில் பாதி வேலை வினைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் முடிந்துவிடுகிறது: எது, எதை, எந்தப் பக்கமிருந்து என்ன செய்தது. மீதிப் பாதி, அடிபட்டதைச் சரியான பெயரில் சொல்வது. பெரிய பெரிய சொற்கள் எதுவும் தேவையில்லை.

வினைச்சொற்களில் 'ஹிட்' எளிமையானது, ஐயத்துக்கு இடம் தராதது. 'எ கார் ஹிட் ஹிஸ் மொபெட் ஃப்ரம் பிஹைண்ட்.' யார் இடித்தது, யாருக்கு, எந்தப் பக்கம் என எல்லாம் வந்துவிட்டது. இதன் இறந்தகாலமும் 'ஹிட்'தான். 'ஹிட்டட்' என்று ஒன்று கிடையாது. இதையே அமெரிக்கர்கள் ஒரே சொல்லில் 'ரியர் எண்டட்' என்பார்கள். நம் ஊர் எஃப்.ஐ.ஆர்.களில் இதே காரியத்துக்கு 'டாஷ்ட் அகெய்ன்ஸ்ட்' என்று வரும். வெளிநாட்டுக்காரருக்கு அது விநோதமாகப் படும், இங்கே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நீங்கள் எழுதும்போது 'ஹிட்' போதும்.

'கொலைடட் வித்' என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். 'எ கார் அண்ட் எ மொபெட் கொலைடட்' என்றால் இரண்டும் மோதிக்கொண்டன என்று பொருள். தப்பு யார் பக்கம் என்பது மறைந்துபோகிறது. தெரிந்தே மறைக்க விரும்புகிறவர்களுக்கு வசதியான சொல். எதிரெதிரே வந்து மோதுவது 'ஹெட் ஆன் கொலிஷன்'. பக்கவாட்டில் உரசிக்கொண்டு போவது 'சைட்ஸ்வைப்'. வரிசையாகப் பல வண்டிகள் ஒன்றன்பின் ஒன்று மோதுவது 'பைல் அப்'. மார்கழி, தை மாதப் பனியில் தில்லி, ஆக்ரா பக்க விரைவுச்சாலைகளில் நடக்கும் விபத்துச் செய்திகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

'ரன்' என்ற வினையில் ஒட்டு மாறினால் ஆளே போய்விடுவார். 'ரேன் இன்டு' என்றால் போய் முட்டியது. 'ரேன் ஓவர்' என்றால் சக்கரம் மேலே ஏறியது. 'நாக்ட் டவுன்' என்றால் இடித்துத் தள்ளியது, சக்கரம் ஏறவில்லை. அப்பாவின் கால்மேல் சக்கரம் ஏறியிருந்தால் ஒழிய 'ரன் ஓவர்' என்று எழுத வேண்டாம். காயத்தின் தன்மை அதோடு பொருந்தாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் பிடித்துக்கொள்வார்.

வண்டி தன் போக்கில் செய்பவற்றுக்குத் தனிச் சொற்கள் உண்டு. ஈரத்திலோ மணலிலோ சக்கரம் வழுக்குவது 'ஸ்கிட்'. எதையோ தவிர்க்கச் சட்டென்று ஒடிப்பது 'ஸ்வெர்வ்'. கவிழ்வது 'ஓவர்டர்ன்'. நம் செய்தித்தாள்களில் 'டர்ன்ட் டர்டில்' என்று வரும். ஆமை மல்லாந்த மாதிரி என்று பொருள், ஆதியில் கப்பலுக்குச் சொன்னது. லாரி 'கேப்ஸைஸ்ட்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதைப் படகுக்கு விட்டுவிடலாம். முன்வண்டியை ஒட்டிக்கொண்டே போவது 'டெயில்கேட்'. சிவப்பு விளக்கில் நிற்காமல் போவதை நாம் 'ஜம்ப்ட் தி சிக்னல்' என்போம், அமெரிக்கர் 'ரேன் எ ரெட் லைட்' என்பார்.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. நடந்துகொண்டிருந்ததற்கு ஒரு வடிவம், திடீரென்று நடந்ததற்கு இன்னொரு வடிவம். 'ஹி வாஸ் ரைடிங் ஆன் தி லெஃப்ட் சைட் வென் எ கார் ஹிட் ஹிம்.' இரண்டையும் ஒரே வடிவத்தில் எழுதினால் எது முதலில், எது அடுத்தது என்று குழம்பும். 'பிரேக்' விஷயத்திலும் எழுத்துக்கூட்டலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்துவது பி-ஆர்-ஏ-கே-ஈ. உடைப்பது பி-ஆர்-ஈ-ஏ-கே. 'அப்ளைட் சடன் பிரேக்' என்பதை இரண்டாவது எழுத்துக்கூட்டலில் எழுதிய புகார்கள் ஏராளம். பொருள் புரிந்துவிடும் என்றாலும் கண்ணை உறுத்தும்.

சரி, இப்போது ஆஸ்பத்திரி. நான் அதிகம் சொல்ல நினைப்பது இங்கேதான்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைக்கு விபத்துக் கேஸ் வந்ததும் பணியிலிருக்கும் மருத்துவர் 'ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர்' என்ற பதிவேட்டில் எழுதுவார். அதன் நகலைத்தான் எல்லாரும் 'ஏ.ஆர். காப்பி' என்கிறார்கள். தனியார் மருத்துவமனையிலும் இப்படிப்பட்ட கேஸை 'எம்.எல்.சி.' என்று குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவார்கள். 'மெடிகோ லீகல் கேஸ்' என்பதன் சுருக்கம் அது. பெரும்பாலான வழக்குகளில் விபத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் முதல் வாக்கியம் இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். அதற்கப்புறம்தான்.

அந்த வாக்கியம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஸ்ட்ரெச்சரில் ஆள் முனகிக்கொண்டிருக்கிறார். கூட வந்தவர், பெரும்பாலும் சாலையில் தூக்கிவிட்ட யாரோ ஒருவர். மருத்துவர் "என்னாச்சு?" என்கிறார். "வண்டில போய்ட்டிருந்தாரு சார், கீழ விழுந்துட்டாரு" என்று பதில் வருகிறது. மருத்துவர் கை வேகமாக எழுதுகிறது: 'அலெஜ்ட் ஹிஸ்டரி ஆஃப் ஸ்கிட் அண்ட் ஃபால் ஃப்ரம் டூ வீலர்.' கார் போயே போய்விட்டது. ஆறு மாதம் கழித்து இழப்பீடு கேட்கும்போது இன்சூரன்ஸ் தரப்பு இந்த ஒரு வரியை எடுத்து வைத்து 'செல்ஃப் ஃபால்' என்று வாதிடும். தானாக விழுந்தவருக்குக் கார்க்காரர் ஏன் பணம் தர வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. மருத்துவர் மேல் குற்றமில்லை; சொன்னதைத்தான் எழுதினார். தமிழில் 'விழுந்துட்டாரு' என்பது இடிபட்டு விழுந்ததையும் சேர்த்துக்கொள்ளும். 'ஸ்கிட் அண்ட் ஃபால்' சேர்த்துக்கொள்ளாது.

அதனால் முதல் காரியமாக ஏ.ஆர். காப்பியை வாங்கி, அந்த வரியில் 'ஹிட் பை எ கார்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பதிவேட்டை அடித்துத் திருத்தச் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள், அது வேறு வம்பு. காவல் துறையிடம் தரும் வாக்குமூலத்தில், மருத்துவமனையில் தகவல் சொன்னவர் யார், அவர் விபத்தை நேரில் பார்த்தாரா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் வக்கீலுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள்.

'அலெஜ்ட்' என்ற சொல்லைப் பார்த்து நிறையப் பேர் கோபப்படுகிறார்கள். "கால் உடைஞ்சு கிடக்கிறார், அலெஜ்டாம்!" என்று. அது அவமதிப்பு இல்லை. மருத்துவர் விபத்தைப் பார்க்கவில்லை. சொல்லக் கேட்டு எழுதுகிறார் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். எல்லாருடைய சீட்டிலும் அது இருக்கும்.

அதற்கடுத்து கேஸ் ஷீட்டில் ஒரு வரி வரும்: 'நோ ஹிஸ்டரி ஆஃப் எல்.ஓ.சி., வாமிட்டிங், சீஷர்ஸ், ஈ.என்.டி. பிளீட்.' நினைவிழப்பு, வாந்தி, வலிப்பு, காது மூக்கு தொண்டை வழியாக ரத்தம் எதுவும் இல்லை என்று பொருள். தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கக் கேட்கும் வழக்கமான கேள்விகள் இவை. 'கான்ஷியஸ், ஓரியண்டட்' என்றால் நினைவோடு இருக்கிறார், இடம் பொழுது ஆள் தெரிகிறது. 'ஜி.சி.எஸ். 15/15' என்று போட்டிருந்தால் நிம்மதியாக இருங்கள். 'கிளாஸ்கோ கோமா ஸ்கேல்' என்பதன் சுருக்கம் அது. 1974இல் கிளாஸ்கோவில் உருவாக்கிய நினைவுநிலை அளவுகோல். 15 முழு மதிப்பெண், 3 கடைசி. 8 அல்லது அதற்குக் கீழே போனால் நிலைமை கடுமை. பெயரில் 'கோமா' இருப்பதைப் பார்த்து வீட்டார் அலறுவதைக் கேட்டிருக்கிறேன்.

அதே பதிவேட்டில் 'ஸ்மெல் ஆஃப் ஆல்கஹால்' என்று இரண்டு மூன்று சொற்கள் இருந்தால், ஓட்டியவரின் சொந்த வண்டிக்கான இன்சூரன்ஸ் பணம் சிக்கலாகும். இல்லாத வாடையை யாரும் எழுதப்போவதில்லை, ஆனாலும் நகல் வாங்கியதும் படித்துவிட வேண்டிய இடம் அது.

காயங்களின் பெயர்கள் பேச்சில் ஒன்று, காகிதத்தில் ஒன்று. சிராய்ப்பை நாம் 'ஸ்க்ராட்ச்', 'கிரேஸ்' என்போம், சீட்டில் 'அப்ரேஷன்'. கன்றிப்போன அடி பேச்சில் 'ப்ரூஸ்', எழுத்தில் 'கன்ட்யூஷன்'. கிழிந்த காயம் 'லேசரேஷன்'. இதை நீளம், அகலம், சில சமயம் ஆழம் என செ.மீ.யில் குறிப்பார்கள். மூட்டுத் தசைநார் பிசகினால் 'ஸ்ப்ரெயின்', தசை இழுத்துக்கொண்டால் 'ஸ்ட்ரெயின்', மூட்டு விலகினால் 'டிஸ்லொகேஷன்'. பின்னாலிருந்து இடிபட்ட காரில் இருப்பவர்களுக்குக் கழுத்து முன்னும் பின்னும் வெட்டி இழுத்து வரும் வலிக்கு 'விப்லாஷ்' என்று பெயர். தலையில் அடிபட்டு மூளை கொஞ்ச நேரம் தடுமாறுவது 'கன்கஷன்'.

எலும்பு முறிவில் இரண்டு குழப்பங்கள் எல்லார் வீட்டிலும் நடக்கின்றன. முதலாவது, "ஃப்ராக்சர் இல்லையாம், கிராக்குதானாம்" என்பது. கிராக்கும் ஃப்ராக்சர்தான், மருத்துவர் அதை 'ஹேர்லைன் ஃப்ராக்சர்' என்று எழுதுவார். இரண்டாவது, 'காம்பவுண்ட் ஃப்ராக்சர்' என்றால் பல துண்டாக உடைந்தது என்று நினைப்பது. பல துண்டாவது 'கம்மின்யூட்டட்'. 'காம்பவுண்ட்' அல்லது 'ஓப்பன்' என்றால் முறிந்த இடத்தில் தோலும் கிழிந்து, எலும்பு வெளியுலகோடு தொடர்பு கொண்டுவிட்டது. கிருமி பயம் அதிகம். 'க்ளோஸ்ட்' என்றால் தோல் அப்படியே இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருந்தால் 'போத் போன் ஃப்ராக்சர்' என்று எழுதியிருப்பார்கள். அறுவை இல்லாமல் மாவுக்கட்டோடு பார்ப்பது 'கன்சர்வேட்டிவ் மேனேஜ்மென்ட்'. திறந்து தகடும் திருகும் வைப்பது 'ஓ.ஆர்.ஐ.எஃப்.'

இந்தக் கிராக் விவகாரத்தில் சட்டமும் நுழைகிறது. 'வூண்ட் சர்டிஃபிகேட்' என்று ஒரு காகிதம் தருவார்கள். அதில் காயம் 'சிம்பிள்' அல்லது 'கிரீவியஸ்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். கிரீவியஸ் என்றால் பார்க்கப் பயங்கரமானது என்று பொருளில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு எட்டு வகை சொல்கிறது: கண்பார்வை, காது கேட்கும் திறன், உறுப்பு அல்லது மூட்டு நிரந்தரமாகப் போவது, முகம் நிரந்தரமாகச் சிதைவது போன்றவற்றோடு எலும்போ பல்லோ முறிவதும் விலகுவதும் அதில் உண்டு. அதாவது ஒரு பல் உடைந்தாலும் கிரீவியஸ்தான். இருபது தையல் போட்ட, எலும்பைத் தொடாத கிழிசல் சிம்பிளாக இருக்கலாம். கடைசி வகை, உயிருக்கு ஆபத்தான காயம், அல்லது 15 நாள் கடும் வலியிலோ வழக்கமான வேலை செய்ய முடியாமலோ கிடக்கவைக்கும் காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 20 நாளாக இருந்தது.

காகிதத்தின் பெயர் 'வூண்ட்' சர்டிஃபிகேட் என்றாலும், நீங்கள் அப்பாவை 'வூண்டட்' என்று எழுத வேண்டாம். அது ஆயுதத்தால், போரில் அடிபட்டவருக்கு. விபத்தில் 'இஞ்சர்ட்'. மனிதருக்கு 'இஞ்சுரி', பொருளுக்கு 'டேமேஜ்'. அந்த 'டேமேஜ்' கடைசியில் ஓர் 'எஸ்' சேர்ந்து 'டேமேஜஸ்' ஆனால் சட்டத்தில் இழப்பீட்டுப் பணம் என்று அர்த்தம் மாறிவிடும். 'தி மொபெட் ஹேட் மெனி டேமேஜஸ்' என்று எழுதி அனுப்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 'கேஷுவல்ட்டி'யும் அப்படித்தான்: ஆஸ்பத்திரியில் அது அவசரப் பிரிவு, செய்தியில் இறந்தவரும் காயமடைந்தவரும் சேர்ந்த கணக்கு. இறந்தவரை மட்டும் சொல்ல 'ஃபேட்டாலிட்டி'.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் 'ஏ.எம்.ஏ.' அல்லது 'லாமா' என்று இருந்தால் மருத்துவர் வேண்டாமென்றும் கேட்காமல் கிளம்பினோம் என்று பொருள். வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதாக இருந்தால் 'ரெஃபர்ட்' என்று எழுதி வாங்குங்கள். இரண்டும் ஒன்றென்று நினைத்து வீட்டார் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

காவல் நிலையத்துக்கு வருவோம். புகார் கொடுத்ததும் கையில் ஒரு ரசீது வரும். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. புகார் வந்தது என்று பதிந்துகொண்டதற்கான சீட்டுதான் அது. எஃப்.ஐ.ஆர். வேறு. "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு" என்று வீட்டில் சொல்லி, இன்சூரன்ஸ் கேட்கும்போது சி.எஸ்.ஆரை நீட்டுகிறவர்கள் உண்டு. காகிதத்தின் தலைப்பைப் பாருங்கள்.

எஃப்.ஐ.ஆரில் 'ராஷ் அண்ட் நெக்லிஜென்ட்' என்ற சொற்கள் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஆபத்து என்று தெரிந்தும் துணிந்து செய்வது ராஷ். காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டாமல் விடுவது நெக்லிஜென்ட். 1.7.2024 முதல் நடந்த விபத்துகளில் பாரதிய நியாய சன்ஹிதாவின் எண்கள் வரும்: உயிருக்கு ஆபத்தாக வண்டி ஓட்டியதற்கு 281, காயத்துக்கு 125(அ), கொடுங்காயத்துக்கு 125(ஆ), மரணம் நேர்ந்தால் 106(1). முன்பு இவை முறையே 279, 337, 338, 304(அ). பழைய எண்கள் நாக்கில் ஊறிவிட்டதால் இன்னும் எல்லாரும் அவற்றைத்தான் பேச்சில் சொல்கிறார்கள்.

'ஹிட் அண்ட் ரன்' என்ற சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். பேச்சில், இடித்துவிட்டு நிற்காமல் ஓடிய எல்லாமே ஹிட் அண்ட் ரன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவில் அதற்குக் குறுகிய பொருள்: முயன்றும் எந்த வண்டி என்றே கண்டுபிடிக்க முடியாத விபத்து. அதற்கு அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். உங்கள் விஷயத்தில் கார் எண் தெரியும் என்றால், ஓட்டுநர் ஓடிப்போயிருந்தாலும் இந்தக் கணக்கில் வராது. நேராக அந்தக் காரின் இன்சூரன்ஸ்மேல் கேட்கலாம். அப்படியிருக்க, கடிதத்தில் கோபத்தில் 'ஹிட் அண்ட் ரன்' என்று எழுதி ஏன் குழப்ப வேண்டும்? 'தி டிரைவர் டிட் நாட் ஸ்டாப்' என்று நடந்ததை எழுதுங்கள்.

இன்னொரு காகிதம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. அதில் பெரும்பாலும் 'தி ஆக்ஸிடென்ட் வாஸ் நாட் டியூ டு எனி மெக்கானிக்கல் டிஃபெக்ட்' என்று முடிந்திருக்கும். பிரேக் பிடிக்கவில்லை என்று கார்க்காரர் பின்னால் சொல்லமுடியாமல் இந்த வரி தடுக்கும்.

இங்கே 'ஆக்ஸிடென்ட்' என்ற சொல்லுக்கே எதிர்ப்பு இருக்கிறது தெரியுமா? 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் தன் பக்கங்களில் அந்தச் சொல்லை இனிப் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தது. தவிர்க்க முடியாத விதிபோல் ஒலிக்கிறது, ஆனால் பெரும்பாலான காயங்கள் தவிர்க்கக்கூடியவை என்பது அவர்கள் வாதம். பிரிட்டனின் காவல் துறையும் 'ரோடு டிராஃபிக் ஆக்ஸிடென்ட்' என்ற பழைய வழக்கை விட்டு 'கொலிஷன்' என்கிறது. அமெரிக்காவில் 'க்ராஷ்'. எனக்கு அந்த வாதம் பிடிக்கும், ஆனால் நம் ஊர்ச் சட்டத்திலும் தீர்ப்பாயத்தின் பெயரிலும் ஆக்ஸிடென்ட்தான் இருக்கிறது. நீங்கள் அதையே எழுதுங்கள். 'இன்சிடென்ட்' என்று மட்டும் மழுப்பலாக எழுத வேண்டாம். அது கைகலப்புக்கும் பொருந்தும்.

இன்சூரன்ஸ் ஆங்கிலத்தில் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது 'ஓன் டேமேஜ்', 'தேர்ட் பார்ட்டி'. அப்பாவின் மொபெட்டைச் சரிசெய்யும் செலவை அவருடைய பாலிசியில் கேட்டால் ஓன் டேமேஜ். அதற்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசியோ தனி ஓன் டேமேஜ் பாலிசியோ இருக்க வேண்டும். அப்பாவின் காலுக்கான இழப்பீட்டைக் காரின் பாலிசியில் கேட்பது தேர்ட் பார்ட்டி; அது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழியாகப் போகும். அப்பாவின் பாலிசியில் 'பர்சனல் ஆக்ஸிடென்ட் கவர்' 15 லட்சம் என்று இருந்தாலும் அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், ஆஸ்பத்திரி பில்லுக்கு இல்லை. அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

தகவல் சொல்வதை அவர்கள் 'இன்டிமேஷன்' என்பார்கள். ஆய்வு செய்ய வருபவர் 'சர்வேயர்'. நிலம் அளக்கிறவர் இல்லை, சேதத்தை மதிப்பிடுபவர். அவர் வரும்வரை வண்டியைப் பிரிக்க வேண்டாம். சேதத்தைச் சொல்ல எளிய சொற்கள் போதும்: நசுங்கினால் 'டென்ட்', விரிசல் விட்டால் 'கிராக்', கண்ணாடி நொறுங்கினால் 'ஷாட்டர்ட்', வளைந்தால் 'பெண்ட்'. 'டெப்ரிசியேஷன்' என்று ஒரு கழிவு வரும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். சரிசெய்யும் செலவு, பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் காப்பீட்டு மதிப்பான 'ஐ.டி.வி.'யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' ஆக்கிவிடுவார்கள். இதையே பிரிட்டனில் 'ரைட் ஆஃப்', அமெரிக்காவில் 'டோட்டல்ட்' என்பார்கள்.

'கான்சிக்வென்ஷியல் லாஸ்' என்ற சொல் உங்கள் விஷயத்தில் வராது, ஆனால் சென்னைக்காரர்கள் 2015 வெள்ளத்தில் கற்றுக்கொண்டது. தண்ணீரில் நின்ற காரைச் சாவி போட்டுக் கிளப்பினால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய் உடையும். வெள்ளம் உடைக்கவில்லை, நீங்கள் கிளப்பியதால் உடைந்தது, அது பின்விளைவு நஷ்டம் என்று சொல்லி மறுப்பார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வது இதனால்தான்.

கடிதத்தில் நடந்ததைச் சொல்லும் பகுதிக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். முதல் வாக்கியத்தில் தேதி, நேரம், இடம், போன திசை: திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நோக்கி, விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு இத்தனை கிலோமீட்டர் முன்னால். இரண்டாவதில் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார்: 'ஹி வாஸ் ரைடிங் ஆன் தி எக்ஸ்ட்ரீம் லெஃப்ட், வேரிங் எ ஹெல்மெட்.' ஹெல்மெட் போட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள். மூன்றாவதில் கார்: பதிவு எண், நிறம், 'ஹிட் தி மொபெட் ஃப்ரம் பிஹைண்ட்'. நான்காவதில் விளைவு: 'ஹி வாஸ் த்ரோன் ஆன் தி ரோடு அண்ட் சஸ்டெயின்ட் எ ஃப்ராக்சர் ஆஃப் தி ரைட் லெக்.' 'சஸ்டெயின்ட்' கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கும் சொல், ஆனால் இங்கே அதுதான் வழக்கம். ஐந்தாவதில் யார் எங்கே சேர்த்தார்கள். அவ்வளவே. 'வெரி ஹை ஸ்பீட்', 'ட்ரங்கன் டிரைவர்' என்பதெல்லாம் நீங்கள் பார்த்ததில்லை, அப்பாவும் முதுகுப்பக்கம் பார்த்திருக்க முடியாது. பார்த்த சாட்சி இருந்தால் அவர் சொல்லட்டும். பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர் 'பில்லியன் ரைடர்', அவருக்குத் தனியாக இழப்பீடு உண்டு.

வேற்று மாநிலத்தில் 112க்கோ, நெடுஞ்சாலையில் 1033க்கோ பேச நேர்ந்தால் இலக்கணம் பார்க்க வேண்டாம். இடம் முதலில். 'ஆக்ஸிடென்ட் ஆன் புனே பெங்களூர் ஹைவே, நியர் சதாரா.' அப்புறம் எத்தனை பேர், 'டூ இஞ்சர்ட், ஒன் அன்கான்ஷியஸ்'. மூச்சு இருந்தால் 'ப்ரீதிங்', ரத்தம் நிற்காமல் போனால் 'ப்ளீடிங் ஹெவிலி', வண்டிக்குள் மாட்டியிருந்தால் 'ட்ராப்ட் இன்சைட்'. மறுமுனை 'மைல்ஸ்டோன் நம்பர்' கேட்டால் சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். பெயர் சொல்லத் தயங்குகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். உதவி செய்கிறவர் 'குட் சமாரிட்டன்', பெயர் சொல்லச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை.

தீர்ப்பாயத்துச் சொற்களை வக்கீல் பார்த்துக்கொள்வார், ஒன்றே ஒன்று தவிர: 'கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ்'. அப்பா பக்கமும் கொஞ்சம் தப்பு என்று காட்டினால் அந்த விகிதத்தில் பணம் குறையும். லைசென்ஸ், ஹெல்மெட், திடீரென்று திரும்பியது, இண்டிகேட்டர் போடாதது என்று எதிர்த்தரப்பு கேட்பதெல்லாம் இதற்காகத்தான். யாராவது போனில் நயமாக 'ஹி ஆல்ஸோ டர்ன்ட் எ லிட்டில், ரைட்?' என்று கேட்டால், பேச்சுவாக்கில் 'யெஸ் யெஸ்' என்று சொல்லிவிடாதீர்கள். கேள்வியை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

பணம் வரும் நேரத்தில் 'டிஸ்சார்ஜ் வவுச்சர்' என்று ஒரு தாள் நீட்டுவார்கள். அதில் 'இன் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்' என்று இருந்தால், இதற்குமேல் கேட்கமாட்டேன் என்று அர்த்தம். தொகை குறைவு என்று தோன்றினால் அப்படியே கையெழுத்துப் போடாமல் வக்கீலிடம் காட்டுங்கள். வாங்கியே ஆக வேண்டிய நெருக்கடி என்றால் 'ரிசீவ்ட் அண்டர் புரொட்டஸ்ட்' என்று கையெழுத்துக்கு மேலே எழுதிவிட்டு, ஏன் உடன்படவில்லை என்பதை அன்றே மின்னஞ்சலில் அவர்களுக்கு அனுப்பி, அந்தத் தாளையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.